பருப்பு வேகாத தண்ணீர்

தருமபுரி மாவட்டம்,
6-10-2024.

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு எழுதவும் படிக்கவும் மருத்துவர் அனுமதிக்கும்வரை காத்திருந்ததால் பதில் தாமதமாயிற்று, பொறுத்துக்கொள். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கடந்த ஜூன் மாதம் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதைப் பற்றி நான்கு பக்கம் எழுதி, பூரண மதுவிலக்கைத் தவிர வேறு வழியே இல்லை என்று முடித்திருந்தாய். பத்தாண்டுகளுக்கு முன்பென்றால் உன் பெயருக்குக் கீழே நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன். இப்போது தயங்குகிறேன், எங்கள் ஊர்த் தண்ணீர்தான் என்னைத் தயங்க வைக்கிறது.

போன மாதம், செங்கல் சூளையில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன், மகளின் உதவித்தொகை விண்ணப்பத்தை நிரப்பித் தரும்படி வீட்டுக்கு வந்தான். வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்காது. பக்கத்து நாற்காலியில் இருந்த என்னைப் பார்ப்பதற்குக் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்பு முழுவதையும் திருப்பினான். சிரித்தபோது கையால் வாயை மூடிக்கொண்டான். நம் பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் சிரிப்பார்கள் என்பது உனக்கு நினைவிருக்கும். காலை பத்து மணிக்கே அவன்மேல் மது வாடை வீசியது. ஓய்வு பெற்றும் வாத்தியார் புத்தி போகவில்லை, கேட்டுவிட்டேன். “ஒரு குவாட்டர் உள்ள போனாத்தான் சார், ராத்திரி முதுகு தரையில படியுது” என்றான்.

குடிக்கிறவனுக்குச் சாக்குக்கா பஞ்சம் என்று நீ கேட்பாய். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அவனுடைய மனைவி ஒரு சொட்டும் தொடாதவள். அவளும் முழங்காலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் திண்ணையிலிருந்து எழுகிறாள்.

இருவருக்கும் பொதுவானது எங்கள் ஊர்த் தண்ணீர், அதில் கரைந்திருக்கும் ஃபுளோரைடு என்ற உப்பு. குடிநீரில் அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நம் பாறை நிலத்தில் ஆழ்துளைக் கிணறு எவ்வளவு ஆழம் போகிறதோ, அந்த அளவுக்குப் பாறையில் உள்ளது தண்ணீரில் கரைந்து மேலே வருகிறது. பால்பல் விழுந்து முளைக்கும் பற்களில் படியும் பழுப்புக் கறை எந்தப் பல்பொடிக்கும் போகாது. ஆண்டுக்கணக்கில் அதே தண்ணீரைக் குடித்தால் எலும்பிலும் மூட்டிலும் இறுகிக்கொள்கிறது. நிறமோ மணமோ சுவையோ கிடையாது. காய்ச்சினால் கிருமி சாகும். ஃபுளோரைடோ, நீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். காய்ச்சிக் குடியுங்கள் என்று முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தோமே, அதை எண்ணினால் இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இதற்கு மேலும் ஒரு பின்னல் இருப்பதை ஒரு மருத்துவர் எனக்கு விளக்கினார். உணவில் சுண்ணாம்புச் சத்து குறைந்தவர்களின் எலும்பை ஃபுளோரைடு இன்னும் கடுமையாகத் தாக்குமாம். முன்பு இங்கே கேழ்வரகுக் களியும் மோரும்தான் உணவு. இப்போது மூன்று வேளையும் ரேஷன் அரிசி. அந்த மாணவன் வீட்டில் ஒரு பசு நிற்கிறது, ஆனால் காலைப் பால் முழுவதும் சொசைட்டிக்குப் போகிறது, வாரக் கடைசியில் வரும் பால் காசில் பாதி மதுக்கடைக்குப் போகிறது. தண்ணீரால் வலி, வலிக்குக் குடி, குடியால் பால் வீட்டில் தங்காமை, பால் இல்லாததால் மேலும் வலி என்று அந்தக் குடும்பம் செக்குமாடு போல் சுற்றிக்கொண்டிருக்கிறது.

சேலத்துக்காரனான நீ ராஜாஜியைப் பெருமையோடு எடுத்துக்காட்டியிருந்தாய். 1937-இல் சேலம் மாவட்டத்தில் அவர் மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது தருமபுரியும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது, ஆகவே அந்தப் பெருமையில் எங்களுக்கும் பங்குண்டு. கள், சாராய வருவாய் போன பள்ளத்தை நிரப்ப 1939-இல் அவர் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். 1971-இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்ட பிறகும் அந்த வரி போகவில்லை. 2003-இல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்கு வந்தது. இன்று அரசுக்கு மது வழியாக ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் வருகிறது. 2015-இல் உங்கள் மாவட்டத்துச் சசிபெருமாள் மதுக்கடையை எதிர்த்துச் செல்போன் கோபுரத்தின் மேல் ஏறிப் போராடி உயிரை விட்டார். அவரைக் குறைத்துப் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனாலும் கடையை மட்டும் மூடினால் என் மாணவனின் முதுகுவலி எங்கே போகும்? அவன் அடுத்துத் தேடுவது கருணாபுரத்துப் பாக்கெட்டாக இருந்துவிடுமோ என்றே அஞ்சுகிறேன்.

அப்படியானால் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்ன ஆயிற்று என்பாய். ஜப்பான் கடனுதவியோடு கட்டி 2013-இல் திறந்தார்கள்; காவிரி எங்கள் தெருவுக்கும் வந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் வரத்து குறையும் நாள்களில் எங்கள் ஊரில் அதே மேல்நிலைத் தொட்டியில் ஆழ்துளைக் கிணற்று நீரையும் ஏற்றிவிடுகிறார்கள். இரண்டும் கலந்து ஒரே குழாயில் வருகிறது. எங்கள் தெருப் பெண்கள் அதைப் பருப்பில் கண்டுபிடிக்கிறார்கள்: காவிரி என்றால் இரண்டு விசிலில் குழையும், ‘போர் தண்ணி’ என்றால் நான்கு விசிலுக்கும் வேகாமல் முழுசு முழுசாக நிற்கும். பருப்பு காட்டுவது நீரின் கடினத்தன்மையை மட்டும்தான், ஃபுளோரைடை அது காட்டாது என்று நான் விளக்கப் போக, “எந்தத் தண்ணின்னு தெரிஞ்சாப் போதும் சார்” என்று என்னை மடக்கினாள் அந்த மாணவனின் மனைவி. அவள் சொல்வதுதான் சரி.

அக்டோபர் 2-ஆம் தேதி கிராமசபை கூடியது. காந்தி ஜெயந்தி என்பதால் மதுக்கடைக்கு விடுமுறை. வேண்டியவர்கள் முதல் நாளே இரண்டிரண்டாக வாங்கி வைத்துவிட்டதால், ஆண்கள் பக்கம் பாதிப் பாய் காலியாகக் கிடந்தது. அவள் எழுந்து, தொட்டியில் இரண்டு தண்ணீரையும் கலக்கக் கூடாது, குடிக்கத் தனிக் குழாய் வேண்டும் என்றாள். அடுத்த மூச்சிலேயே பள்ளிச் சாலையிலுள்ள கடையை எடுக்க வேண்டும் என்றாள். இரண்டையும் தனித்தனித் தீர்மானமாக எழுதட்டுமா என்று செயலர் கேட்டதற்கு, “ஒண்ணாவே எழுதுங்க, ஒரு வீட்டு விஷயந்தானே” என்றாள். ஒன்றாகவே எழுதினார்கள். கை தூக்கியவர்களில் ஆண்கள் ஏழு பேர், என்னையும் சேர்த்து.

தீர்மானத்தோடு பரிசோதனை அறிக்கை ஒன்றையும் இணைத்தால் தட்டிக்கழிப்பது கடினம் என்று நினைக்கிறேன். தண்ணீர் ஆய்வகத்தில் வேலை செய்யும் உன் தம்பி மகனிடம் கேட்டேன். ஃபுளோரைடு பார்க்கக் கண்ணாடிக் குப்பியில் எடுக்கக் கூடாது, பிளாஸ்டிக் பாட்டில்தான் வேண்டும் என்றான். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தால், கிடப்பதெல்லாம் கண்ணாடிக் குப்பிகள். கடைசியில் அந்தப் பெண்ணே புதிதாக இரண்டு பாட்டில் வாங்கி, எடுக்கும் தண்ணீராலேயே மும்முறை அலசிப் பிடித்து வைத்திருக்கிறாள். நீல மூடி போட்டது தெருக்குழாய், வெள்ளை மூடி போட்டது ஆழ்துளைக் கிணறு. செவ்வாய்க்கிழமை காலை முதல் பேருந்தில் கொடுத்தனுப்புகிறேன். பேருந்து நிலையத்தில் நீயே நின்று வாங்கிக்கொள், மூடி மாறிவிடாமல் பார்த்துக்கொள்.

அன்புடன்,
உன் பழைய தோழன்