செவ்வாய் வண்டிக்கு விடைகொடுக்க ஒரு மாலைப்பொழுது கொடுங்கள்: மண்டப நிர்வாகக் குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய மண்டப நிர்வாகக் குழுப் பெரியவர்களுக்கு,

வணக்கம். செவ்வாய்க் கோளில் ஊர்ந்து ஆய்வு செய்து ஓய்ந்துபோன நாசாவின் ஆப்பர்சூனிட்டி வண்டிக்குப் பிள்ளைகளோடு கூடி விடைகொடுக்க உங்கள் மண்டபத்தைக் கேட்டிருந்தோம். 2019 மார்ச் 3, ஞாயிற்றுக்கிழமை மாலை மண்டப வாசலில் நடந்ததை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. முன்பணம் வாங்கி ரசீது போட்டது உங்கள் அலுவலகம். கேட்டைப் பூட்டச் சொன்னதும் நீங்கள்தான். ஐந்து மணிக்கு மேல் போனில் சொன்ன காரணமும் நினைவிருக்கும்: கல்யாணம் நடக்கிற இடத்தில் செத்துப்போன ஒரு மெஷினுக்குத் துக்கக் கூட்டம் கூடாது, அதுவும் செவ்வாயின் பெயரில் கூடவே கூடாது. முன்பணம் மறுநாளே திரும்பி வந்துவிட்டது, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் நாங்கள் கேட்டது பணம் இல்லை.

கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மார்ச் 31, ஞாயிறு மாலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிவரை கூடமும் மொட்டைமாடியும் எங்களுக்கு வேண்டும். இருட்டிய பிறகு அரை மணி நேரம் முகப்பு விளக்குகளை அணைத்துத் தர வேண்டும். அவ்வளவுதான்.

மார்ச் 3 அன்று கண்டனூர், புதுவயல், பள்ளத்தூர், கோட்டையூர் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஆறு மணிக்கு வரச் சொன்னவர்களுக்கு ஐந்தரைக்கு எப்படித் தகவல் சொல்வது? பாதிப் பேர் அதற்குள் பஸ் ஏறிவிட்டார்கள். புதுவயலிலிருந்து எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தன் அப்பத்தாவோடு வந்தாள். அட்டையும் சைக்கிள் கம்பியும் பாட்டில் மூடிகளும் வைத்து ஆறு சக்கர வண்டி ஒன்று செய்து எடுத்து வந்திருந்தாள். ஒரு பக்கச் சக்கரம் கல்மேல் ஏறினாலும் உடம்பு குடைசாயாமல் நிற்கிற மாதிரி அதைப் பூட்டியிருந்தாள். உண்மையான வண்டியில் இருப்பதும் அதே ஏற்பாடுதான். அதைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுவதற்காக ஒரு நோட்டில் எழுதி, மனப்பாடம் செய்து வந்திருந்தாள்.

கேட் பூட்டியிருந்தது. காவல்காரரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் எங்களைவிட அதிகமாகச் சங்கடப்பட்டார். சரி, வெளியிலேயே காட்டிவிடலாம் என்று நடைமேடையில் தொலைநோக்கியை நிறுத்தினோம். மண்டபத்தின் முகப்பு விளக்குகள் எரிகின்றன. எதிரில் உயர்கோபுர விளக்கு. கார் வரும்போதெல்லாம் அதன் வெளிச்சம் நேராகக் கண்ணில் விழுகிறது. மேற்கே செவ்வாய் இருக்கும் இடத்தை நான் கை நீட்டிக் காட்டுகிறேன், அந்தப் பிள்ளை கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்க்கிறாள், தெரியவில்லை. அந்த வெளிச்சத்தில் எனக்கே சரியாகத் தெரியவில்லை. தொலைநோக்கியை ஒருவழியாகத் திருப்பிப் பிடித்தபோது அவள் வரிசையில் பின்னால் நின்றாள். அவள் முறை வருவதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பேசவும் இல்லை, பார்க்கவும் இல்லை. அப்பத்தா போகும்போது ஒன்று சொன்னார்: "தீட்டுப்பட்ட ஆளுகள நிறுத்துற மாதிரி பச்சப் பிள்ளைகளத் தெருவுல நிறுத்திட்டாங்களே."

அந்த வார்த்தை உங்கள் காதுக்கும் எட்ட வேண்டும் என்பதால்தான் தனிக் கடிதமாக இல்லாமல் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

உள்ளே விட்டிருந்தால் என்ன பேசியிருப்போம் என்பதை நீங்கள் கேட்கவே இல்லை. இப்போது சொல்கிறேன்.

ஆப்பர்சூனிட்டி என்ற அந்த வண்டி 2004 ஜனவரி 25 அன்று செவ்வாயின் மெரிடியானி சமவெளியில் இறங்கியது. காற்றுப் பைகளுக்குள் சுருண்டு, தரையில் மோதித் துள்ளி உருண்டு, ஈகிள் என்று பிறகு பெயர் வைத்த ஒரு சின்னப் பள்ளத்துக்குள் போய் நின்றது. அதற்குக் குறித்த ஆயுள் செவ்வாயின் 90 நாட்கள். அங்கே ஒரு நாள் என்பது நம் நாளைவிட ஏறக்குறைய 40 நிமிடம் அதிகம். அது உழைத்ததோ 5,000 நாட்களுக்கும் மேல். சூரியத் தகடுகளில் செம்மண் தூசி படிந்தால் சில மாதங்களில் மின்சாரம் தீர்ந்துவிடும் என்றுதான் கணக்குப் போட்டிருந்தார்கள். ஆனால் செவ்வாயின் காற்றும் சுழல்காற்றும் அவ்வப்போது அந்தத் தூசியைத் துடைத்துவிட்டன. மின்கலங்களும் கைவிடவில்லை. அந்தக் குளிரில் 14 ஆண்டுகள் நாள்தோறும் சார்ஜ் ஏறி இறங்கி, புயல் வரும்வரை நல்ல நிலையில் இருந்தன.

அந்த வண்டிக்கு வந்த துன்பங்களைத்தான் பிள்ளைகளுக்கு அதிகம் சொல்ல நினைத்திருந்தேன். இறங்கிய நாளிலிருந்தே அதன் இயந்திரக் கையின் தோள் மூட்டில் இருந்த சூடேற்றி ஒன்று அணையாமல் எரிந்து மின்சாரத்தைத் தின்றது. அதற்காக இரவில் வண்டியை முழுவதுமாக அணைத்து வைக்கப் பழகினார்கள். 2005இல் முன் வலது சக்கரத்தின் திருப்பும் விசை இறுகிவிட்டது. அதே ஆண்டு மணல்மேட்டில் புதைந்து ஐந்து வாரம் கிடந்தது. பூமியில் அதே மாதிரி மணலைக் கொட்டி, இன்னொரு வண்டியை அதில் புதைத்து ஓட்டிப் பார்த்து, பிறகுதான் அங்கே அங்குலம் அங்குலமாக வெளியே கொண்டுவந்தார்கள். 2008க்குப் பிறகு கையை மடக்கி வைக்க முடியவில்லை, முன்னால் நீட்டியபடியே ஓட்டினார்கள். முன்சக்கரத்துக்குச் சுமை கூடக் கூடாதென்று பல நாட்கள் பின்பக்கமாகவே நடந்தது. கடைசி ஆண்டுகளில் நிலைத்த நினைவகமும் கெட்டு, அன்றன்று பார்த்ததை உறங்குமுன் அனுப்பாவிட்டால் காலையில் மறந்துபோகும் நிலை. இத்தனையோடும் 45 கிலோமீட்டர் நடந்தது. காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை போய்ச் சேரும் தூரம். வேறொரு கோளிலோ நிலவிலோ அதுவரை எந்த வண்டியும் அவ்வளவு தூரம் போனதில்லை.

போன வழியில் கண்டுபிடித்தவையும் கொஞ்சமல்ல. பாறைகளிலிருந்து உதிர்ந்த ஹேமடைட் என்ற இரும்புக் கனிமத்தின் சிறு சிறு உருண்டைகள், 2011இல் எண்டவர் பெரும்பள்ளத்தின் விளிம்பில் கண்ட ஜிப்சம் கனிமக் கீற்று, களிமண் கனிமங்கள். ஒரு காலத்தில் அங்கே தண்ணீர் ஊறி ஓடியது என்பதற்கு நேரடிச் சாட்சிகள் இவை. வேறொரு கோளின் தரையில் கிடந்த விண்கல்லை முதன்முதலில் அடையாளம் கண்டதும் இந்த வண்டிதான், 2005 ஜனவரியில்.

2018 ஜூனில் செவ்வாயைச் சுற்றி வளைத்துத் தூசிப் புயல் எழுந்தது. பகலே இரவாகிவிட்டது. தொடக்கத்தில் நாளுக்கு ஏறக்குறைய 900 வாட்-மணி மின்சாரம் எடுத்த தகடுகள் ஜூன் 10 அன்று 22 வாட்-மணிதான் எடுத்தன. அன்று அனுப்பிய படத்தில் கருப்பும் வெள்ளைப் புள்ளிகளும்தான், அதுவும் முழுதாக வந்து சேரவில்லை. அதன்பின் பேச்சு இல்லை. எட்டு மாதங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டளைகளை அனுப்பிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, 2019 பிப்ரவரி 13 அன்று பணி முடிந்தது என்று நாசா அறிவித்தது.

"என் பேட்டரி தீர்கிறது, இருட்டுகிறது" என்பது அந்த வண்டி சொன்ன கடைசி வார்த்தை என்று வாட்ஸாப்பில் சுற்றியது உங்களுக்கும் வந்திருக்கும். வண்டி அப்படி எதுவும் சொல்லவில்லை. அது அனுப்பியது மின்சார அளவும் வெளிச்ச அளவும். எண்கள் மட்டும். அவற்றின் பொருளை ஒரு பத்திரிகையாளர் தன் வார்த்தையில் சுருக்கிச் சொன்னார், அது உலகமெல்லாம் பரவிவிட்டது. இதையும் பிள்ளைகளிடம் சொல்லத்தான் இருந்தோம். நெஞ்சைத் தொடுகிற செய்தியையும் சரிபார்க்க வேண்டும், சரிபார்த்த பிறகும் வருத்தப்படலாம், தப்பில்லை என்று சொல்ல இருந்தோம். இதில் மங்கலக் குறைவு எங்கே இருக்கிறது? நன்றாக உழைத்த ஒன்றுக்கு நன்றி சொல்லி அனுப்புவது நம் வீடுகளில் இல்லாத வழக்கமா? ஆயுத பூஜையில் அரிவாளுக்கும் தராசுக்கும் பொட்டு வைக்கிறவர்கள்தானே நாம்.

செவ்வாய் என்ற பெயர்தான் உங்களை உறுத்தியது என்றால் அதைப் பற்றியும் பேசிவிடுவோம். சித்திரையில் நம் பக்கத்திலிருந்து எத்தனை குடும்பங்கள் வைத்தீசுவரன் கோயிலுக்கு நடந்தே போகின்றன! அது அங்காரகன், அதாவது செவ்வாயின் தலம். அந்தப் பக்தியை நான் மதிக்கிறேன், என் வீட்டிலிருந்தும் போகிறார்கள். ஆனால் அதே செவ்வாயின் பெயரைச் சொல்லி, தோஷ ஜாதகம் என்று தள்ளி வைக்கப்பட்ட பெண்கள் நம் தெருக்களில் இல்லையா? முப்பது வயது தாண்டியும் ஒவ்வொரு வரனாகத் தட்டிப்போவதைப் பார்த்துக்கொண்டு பெற்றவர்கள் படும் பாடு உங்களுக்குத் தெரியாததா? அந்தக் கோளில் ஒரு வண்டி 14 ஆண்டு ஊர்ந்து பார்த்தது. அங்கே இருப்பது பாறையும் துருவேறிய தூசியும், என்றோ வற்றிப்போன தண்ணீரின் தடமும். இதை ஒரு எட்டாம் வகுப்புப் பெண் தன் கண்ணால் தொலைநோக்கியில் பார்த்துவிட்டுப் போனால், பத்து வருடம் கழித்து அவள் ஜாதகத்தை யாராவது விரிக்கும்போது அவளுக்குச் சொல்ல ஒரு பதில் இருக்கும். அந்தப் பதிலைத்தான் நீங்கள் கேட்டுக்கு வெளியே நிறுத்தினீர்கள். எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

இந்த ஊர் இப்படிப்பட்ட ஊர் இல்லை. 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அழகப்பச் செட்டியார் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்தது. 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். மின்கலங்களைப் பற்றி ஆராயும் அந்த ஆய்வகம் இருக்கிற ஊரில், மின்கலம் தீர்ந்து ஓய்ந்த ஒரு வண்டியைப் பற்றிப் பேச இடமில்லை என்கிறீர்கள். பக்கத்தில் குன்றக்குடியில் அடிகளார் மடத்தில் இருந்துகொண்டே அறிவியலாளர்களை அழைத்துவந்து ஊர் வளர்ச்சிக்கு வழிசெய்தார். அவருக்கு அறிவியல் தீட்டாகத் தெரியவில்லை.

இப்போதோ நம் பக்கத்தில் பிள்ளைகள் கூடிப் பேச ஓர் இடம் கிடையாது. கோளரங்கம் பார்க்க வேண்டுமா, திருச்சிக்குப் போ. கூட்டம் நடத்த வேண்டுமா, கல்யாண மண்டபத்து வாடகையைக் கட்டு. பெரிய பெரிய வீடுகள் வருடத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கின்றன, ஷூட்டிங் என்றால் மட்டும் திறக்கின்றன. பள்ளிக்கூட மைதானங்கள் ஆறு மணிக்கு மேல் பூட்டு. யாரைக் கேட்டாலும் "பரீட்சை நேரத்துல இதெல்லாம் எதுக்கு" என்கிறார்கள்.

மன்னிக்கவும், சொல்ல வந்ததைத் தாண்டிப் போய்விட்டேன். இவை எல்லாவற்றுக்கும் உங்கள் குழு பொறுப்பில்லை. அந்த ஒரு மாலைக்கு மட்டும்தான் பொறுப்பு, அதைத் திருப்பித் தருவதும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

மார்ச் 31ஐக் குறிப்பிட்டுக் கேட்பதற்குக் காரணம் உண்டு. அந்த வாரக் கடைசியில் மாலை மேற்கு வானத்தில் செவ்வாய் கார்த்திகை மீன்கூட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும். தொலைநோக்கி இல்லாத பிள்ளைகூட அந்தக் கூட்டத்தை அடையாளம் வைத்துத் தானாகவே செவ்வாயைக் கண்டுபிடிக்கலாம். பத்தாம் வகுப்புப் பரீட்சையும் அதற்குள் முடிந்துவிடும். அன்று முகூர்த்தம் எதுவும் பதிவாகவில்லை என்று உங்கள் அலுவலகத்திலேயே விசாரித்துவிட்டோம். வாடகை முழுவதையும் முன்கூட்டியே கட்டிவிடுகிறோம். செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறோம், கூடத்தைக் கூட்டிப் பெருக்கிக் கொடுத்துவிட்டுப் போகிறோம். படத்துக்கு மாலை போடுவதாக எங்களுக்கு எண்ணமே இல்லை, விளக்கேற்றித்தான் தொடங்கப் போகிறோம். புதுவயல் பிள்ளையையும் அப்பத்தாவையும் திரும்ப அழைத்துவர ஆட்டோ ஏற்பாடு ஆகிவிட்டது. உங்கள் குழுவிலிருந்தும் ஒருவர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தால் மகிழ்வோம், விருப்பமிருந்தால் அவரே முதலில் தொலைநோக்கியில் பார்க்கட்டும்.

கூடத்தைத் தர மனமில்லை என்றால் மொட்டைமாடியையாவது தாருங்கள். அதுவும் முடியாதென்றால் அந்த அரை மணி நேரம் முகப்பு விளக்குகளையாவது அணையுங்கள், நாங்கள் தெருவிலேயே நின்றுகொள்கிறோம். ஆனால் கூடமும் மாடியும் கிடைக்கும் என்ற நம்பிக்கையோடுதான் கேட்கிறேன். மார்ச் 20க்குள் பதில் சொன்னால் பிள்ளைகளின் வீடுகளுக்கு இந்த முறை நேரத்தோடு தகவல் சொல்லிவிடலாம். போன் நம்பர் உங்கள் ரசீதுப் புத்தகத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
விண்ணோக்கும் நண்பர்கள் சார்பில்,
காரைக்குடி