முதல் நாள் வேலையைக் கேளுங்கள்: நெட்வொர்க் பணிக்கு ஆள் எடுப்போருக்கு ஒரு திறந்த மடல்

நெட்வொர்க் துறையில் ஆரம்ப நிலைப் பணிகளுக்கு ஆள் எடுக்கும் மனிதவள அதிகாரிகளுக்கும், நேர்காணலில் எதிரே அமரும் தொழில்நுட்பக் குழுவினருக்கும் வணக்கம்.

நான் கல்லூரி ஒன்றின் நெட்வொர்க்கிங் ஆய்வகத்தில் பயிற்றுநராக இருக்கிறேன். சென்ற வாரம் என் மாணவர் ஒருவர் நேர்காணல் அறையிலிருந்து பன்னிரண்டே நிமிடங்களில் வெளியே அனுப்பப்பட்டார். வேலை கிடைக்கவில்லை என்பதற்காக மடல் எழுத உட்காருகிறவன் நான் அல்லன். என்ன கேட்டு அனுப்பினார்கள் என்பதை அவர் வாயால் கேட்ட பிறகுதான் எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. அதன் அறிவிப்பில் இருந்த வாசகம் உங்களில் பலருடைய அறிவிப்பிலும் இருப்பதுதான்.

புதியவர்கள் விண்ணப்பிக்கலாம், சி.சி.என்.ஏ. (சிஸ்கோ நிறுவனத்தின் அடிப்படை நெட்வொர்க் தேர்வு) சான்றிதழ் போதும், ஷிப்ட் முறையில் முதல்நிலை ஆதரவுப் பணி என்று அதில் எழுதியிருந்தது. இரண்டு வரி தள்ளி, குறைந்தது இரண்டு ஆண்டு அனுபவம் என்றும் இருந்தது. நேர்காணலில் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, பெரிய நெட்வொர்க்குகளை ஒன்றோடொன்று இணைக்கும் பி.ஜி.பி. என்ற நெறிமுறை பல பாதைகளுக்குள் ஒன்றை எந்த வரிசையில் தேர்ந்தெடுக்கிறது என்பது. இரண்டாவது, ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க்குக்குள் பாதை கண்டுபிடிக்கும் ஓ.எஸ்.பி.எஃப். நெறிமுறையைப் பல பகுதிகளாகப் பிரித்த அமைப்பில், ரவுட்டர்கள் தமக்குள் அனுப்பிக்கொள்ளும் எல்.எஸ்.ஏ. தகவல்களின் வகைகள் எவை என்பது. தெரியாது என்று அவர் நேர்மையாகச் சொல்லிவிட்டார். அதன் பிறகு கேட்டதெல்லாம் பேருக்குக் கேட்டவை.

இப்போது நடப்பில் உள்ள சி.சி.என்.ஏ. தேர்வு 200-301 என்ற எண்ணில் 2020 பிப்ரவரியிலிருந்து நடந்துவருவதும், அதன் பாடத்திட்டத்தில் ஓ.எஸ்.பி.எஃப். ஒரே பகுதி அளவோடு நின்றுவிடுவதும், பி.ஜி.பி.யை அமைப்பதோ ஆராய்வதோ அதில் இல்லை என்பதும் நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியவேண்டும் என்பதில்லை. அந்தச் சான்றிதழே போதும் என்று அறிவித்துவிட்டு, அதன் வேலிக்கு வெளியே இருந்து கேள்வியைத் தொடங்குவது எந்த வகைத் தேர்வு என்று பணிவுடன் கேட்கிறேன்.

அதே மாணவர் ஆய்வகத்தில் என்ன செய்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக்காக நானே ஒரு கோளாறு வைத்திருந்தேன். இரண்டு சுவிட்சுகளை இணைக்கும் கேபிளின் ஒரு முனையில் போர்ட்டை 100 எம்.பி.பி.எஸ்., ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் முடிவது) என்று கையால் நிலைநிறுத்திவிட்டு, மறுமுனையைத் தானியங்கி நிலையிலேயே விட்டிருந்தேன். அப்படி விட்டால் தானியங்கி முனை வேகத்தை மட்டும் சரியாகக் கண்டுபிடித்துக்கொண்டு, டூப்ளெக்ஸில் ஹாஃபுக்கு (ஒரு நேரத்தில் ஒன்று மட்டும்) இறங்கிவிடும். பிங் (இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) அடித்தால் பதில் வரும், விளக்கும் பச்சையாகவே எரியும். பெரிய கோப்பு ஒன்றை நகலெடுக்கும்போதுதான் எல்லாம் ஊர்ந்து போகும். மற்றவர்கள் ஐ.பி. முகவரியையும், ஒரே சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் வி.லேனையும் திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் கேபிளை மாற்றிப் பார்த்தார். பயனில்லை என்றதும் போர்ட்டின் கணக்குகளைத் திறந்து, எண்களை நோட்டில் எழுதிக்கொண்டு, கோப்பை மறுபடி ஓடவிட்டு, மறுபடி எண்களைப் பார்த்தார். லேட் கொலிஷன் (தாமதமாக நிகழும் தரவு மோதல்) கணக்கு மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. "சார், ரெண்டு முனையும் ஒண்ணுபோல இல்ல" என்றார். அந்தக் கணக்கை ஒருமுறை பார்ப்பதால் ஒன்றும் தெரியாது, முன்னும் பின்னும் ஒப்பிட்டால்தான் தெரியும் என்பதை நான் அவருக்குச் சொல்லித் தரவில்லை. அந்த நோட்டை நேர்காணலுக்கும் பையில் வைத்துத்தான் கொண்டுபோயிருக்கிறார். யாரும் கேட்கவில்லை.

பணியில் சேர்ந்த முதல் மாதத்தில் அவர் என்ன செய்யப்போகிறார்? நெட் வரவில்லை என்று ஒருவர் அழைப்பார். அவருடைய கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால் கணினிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் டி.ஹெச்.சி.பி.யிடமிருந்து முகவரி வரவில்லை என்று புரிந்துகொள்ளவேண்டும். கேபிள் சரியாகச் செருகியிருக்கிறதா, போர்ட் எந்த வி.லேனில் இருக்கிறது என்று பார்க்கவேண்டும். தன்னால் முடியாததை எந்த இடத்தில் மேல்நிலைக்கு அனுப்பவேண்டும் என்று தெரிந்திருக்கவேண்டும். அடுத்த ஷிப்டில் வருகிறவர் மறுபடி முதலிலிருந்து விசாரிக்காதபடி டிக்கெட்டில், அதாவது புகார்ப் பதிவில், எழுதிவைக்கவேண்டும். பி.ஜி.பி. ஓடும் ரவுட்டரின் கடவுச்சொல்லை முதல் ஆண்டில் அவரிடம் நீங்கள் தரப்போவதில்லை. தரக்கூடாது என்பதே என் கருத்தும். தராத சாவிக்குப் பூட்டைப் பற்றிய பரீட்சை எதற்கு?

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். அறிவிப்பு எழுதுவதற்கு முன், சேருகிறவர் முதல் மூன்று மாதங்களில் கையால் செய்யப்போகும் வேலைகளை எழுதுங்கள். நேர்காணலில் அவற்றையே செய்துகாட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தச் சான்றிதழின் ஆயுள் மூன்றே ஆண்டுகள். சொந்தச் சேமிப்பில் கட்டணம் கட்டித் தேர்ச்சி பெற்ற அந்த மாணவர், அதில் ஒன்றரை ஆண்டை உங்கள் பதில் மின்னஞ்சலுக்குக் காத்திருந்தே கழித்துவிட்டார். அனுபவம் இல்லாததால் வேலை இல்லை, வேலை இல்லாததால் அனுபவம் இல்லை என்று சுற்றிக்கொண்டிருக்கும்போதே சான்றிதழும் காலாவதியாகிவிடும். அப்போது, சான்றிதழ் நடப்பில் இல்லையே என்பீர்கள். இரண்டு ஆண்டு அனுபவம் உள்ள புதியவர் எவரேனும் உங்களுக்குக் கிடைத்திருந்தால் எங்கள் ஆய்வகத்துக்கு ஒருமுறை அனுப்பிவையுங்கள், நாங்களும் பார்த்துக்கொள்கிறோம்.

கோபத்தில் ஒருபக்கமாகவே பேசுகிறேன் என்று நினைக்கவேண்டாம். எங்கள் தரப்பிலும் குற்றம் உண்டு. /26 என்ற மாஸ்க் (ஒரு நெட்வொர்க்கின் அளவைக் குறிக்கும் எண்) என்றால் எத்தனை கணினி என்று கேட்டால் வகுப்பு முழுவதும் 62 என்று கோரஸாகச் சொல்லும். ஆனால் அதே /26 மாஸ்க்கோடு 192.168.1.70 என்ற முகவரி உள்ள கணினியால் 192.168.1.1 என்ற கேட்வேயை (வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வாசலை) ஏன் எட்டமுடியவில்லை என்று கேட்டால் பாதிப் பேர் கேபிளைப் பார்க்கப் போய்விடுவார்கள். நெட்வொர்க் செயல்பாட்டை விளக்கும் ஏழு அடுக்குகளின் பெயரைத் தலைகீழாக ஒப்பிக்கவைக்கும் நாங்கள், கேபிள் முனையில் இணைப்பானை அழுத்திப் பொருத்த (கிரிம்ப் செய்ய) ஒரு மாணவருக்கு எத்தனை முறை வாய்ப்பு தருகிறோம்? தன் விவரக்குறிப்பில் "ரவுட்டிங், சுவிட்ச்சிங் தெரியும்" என்று ஒரே வரியில் எழுதிவிடும் மாணவரிடம், தெரியும் என்பதை விட்டுவிட்டுச் செய்ததை எழுது என்று நாங்களும் சொல்லியிருக்கவேண்டும். இந்த டூப்ளெக்ஸ் கதை அவருடைய விவரக்குறிப்பில் இல்லை. அது என் தவறு.

ஆனால் எங்கள் குறையைச் சரிசெய்ய, உங்களுக்கு என்ன தேவை என்பதை நீங்கள் உள்ளபடி எழுதினால்தானே முடியும்? விண்ணப்பங்களைக் கழித்துக்கட்ட எளிதாக இருக்கிறது என்பதற்காக ஃபயர்வால், பைத்தான், கிளவுட் என்று அடுக்கிக்கொண்டே போனால், அதைப் படிக்கும் மாணவர் எல்லாவற்றிலும் ஒரு கை அள்ளி எதையும் விழுங்காமல் உங்கள் முன் வந்து நிற்பார். மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு விலகிவிட்டேன்.

நேர்காணலில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். இரண்டு சுவிட்சு, ஒரு சிறிய ரவுட்டர், இரண்டு லேப்டாப் போதும். அதுவும் இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் பேக்கெட் டிரேசர் என்ற பாவனை மென்பொருளிலேயே அமைத்துக்கொள்ளலாம். தவறான வி.லேனில் ஒரு போர்ட், மாஸ்க் தப்பாக இட்ட ஒரு லேப்டாப், முகவரிகள் தீர்ந்துபோன ஒரு டி.ஹெச்.சி.பி. தொகுப்பு என்று மூன்று கோளாறுகளை வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். மூன்றையும் தீர்க்கிறாரா என்பதைவிட, எங்கே தொடங்குகிறார், ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றிப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். கடைசியில் செய்ததை ஐந்து வரியில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதன் பிறகும் வேண்டாம் என்றால் நாங்கள் வாய் திறக்கமாட்டோம்.

கேள்விகளை அமைக்கவும், உபகரணங்களைத் தயார் செய்யவும் எங்கள் ஆய்வகத்தால் இயன்ற உதவியைச் செய்கிறோம். அடுத்த அறிவிப்பு உங்கள் மேசையிலிருந்து வெளியேறுமுன், அனுபவம் என்ற அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு, முதல் மூன்று மாத வேலையை அந்த இடத்தில் எழுதுமாறு மிகுந்த மரியாதையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெட்வொர்க்கிங் ஆய்வகப் பயிற்றுநர் ஒருவர்