குளக்கரையில் கோரைக்கு ஓர் ஓரம் விடுங்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் உள்ளூராட்சிச் சபைகளின் தவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும், கமநல சேவை நிலையங்களின் அலுவலர்களுக்கும், கமக்காரர் அமைப்புகளுக்கும்.

வணக்கம்.

மாரிக்கு முன்பு ஊர்க்குளங்களைத் தூர்வாரும் வேலையை நான் எதிர்க்கவில்லை. குப்பையும் மண்ணும் நிறைந்து மேடாகிப்போன குளங்களை மீட்டெடுக்கும் எவருக்கும் இந்தக் குடாநாடு கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் வேலை நடக்கும் விதம் என்னை உறுத்துகிறது. பெக்கோ இயந்திரம் நடுக்குளத்தில் நின்றுவிடுவதில்லை. கரையோரத்துக் கோரையை வேரோடு வழித்தெடுக்கிறது, சாய்ந்திருந்த கரையைச் செங்குத்தாக வெட்டுகிறது. அதன் பின் கல் அடுக்கிச் சீமெந்து பூசி, சுற்றிலும் நடைபாதை போட்டுவிட்டால் புனரமைப்பு முடிந்ததாகக் கணக்கு எழுதப்படுகிறது. அப்படி வழித்தெடுக்கப்படும் கோரைக்காகத்தான் இந்த மடல்.

நம் நிலத்தின் நிலைமை உங்களுக்குத் தெரியாததல்ல. வற்றாத ஆறு ஒன்றும் இங்கே இல்லை. தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியாக அராலியில் கடனீரேரியைச் சேரும் வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடுகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள். அந்த நீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதந்து நிற்கிறது. நம் கிணறுகள் எல்லாம் அதிலிருந்துதான் குடிக்கின்றன. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இடும் உரமும், வீட்டு மலக்குழிகளின் கசிவும் அதே வழியால்தான் இறங்குகின்றன. குடாநாட்டின் பல கிணறுகளில், உரத்திலும் மலக்கழிவிலும் இருந்து வரும் நைதரசன் உப்பான நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் வைத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட ஒன்று. பால்குடிக் குழந்தைகளின் குருதி ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கும் நோய்க்கு இந்த நைத்திரேற்று காரணமாகக்கூடும்.

இந்த இடத்தில்தான் கோரை வருகிறது. பாய் இழைக்க எடுக்கும் பன் வகைகளில் ஒன்றைச் சொல்கிறேன். தாவரவியலார் அதை எலியோகாரிஸ் டல்சிஸ் என்பார்கள். மேற்கு ஆபிரிக்காவிலிருந்து மடகஸ்கார், தெற்காசியா, தென்கிழக்காசியா வழியாக அவுஸ்திரேலியாவும் பசிபிக் தீவுகளும் வரை ஆழமற்ற நன்னீர் நிற்கும் இடமெங்கும் பரவியிருக்கும் செடி. இலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. பச்சைத் தண்டே இலையின் வேலையையும் செய்கிறது. தண்டு குழலாக இருக்கும், உள்ளே குறுக்குத் தடுப்புகள் இருக்கும். விரலால் நசுக்கினால் அவை ஒவ்வொன்றாக வெடிக்கும்.

குளத்துச் சேற்றுக்குள் ஒட்சிசன் கிடையாது. அங்கே வேர் உயிர்வாழ வேண்டுமானால் மேலிருந்து காற்று வர வேண்டும். கோரையின் தண்டிலுள்ள காற்றறைகள் அதைக் கீழே கொண்டு சேர்க்கின்றன. வேரிலிருந்து அதில் சிறிதளவு சேற்றுக்குள் கசிகிறது. கசியும் அந்த மெல்லிய ஓரத்தில் வாழும் பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரேற்றாக்குகின்றன. சற்றே தள்ளி, காற்றில்லாத சேற்றில் வாழும் வேறு பற்றீரியாக்கள் அந்த நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கி வெளியே விட்டுவிடுகின்றன. தோட்டத்திலிருந்து வழிந்து வந்த உரத்தின் ஒரு பங்கு, நிலத்துக்குள் இறங்காமல் வானத்துக்குப் போகிறது. இன்னொரு பங்கைக் கோரையே உண்டு வளர்கிறது. இதற்கு மின்சாரமும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம். கோரை மட்டும் நம் கிணறுகளைத் தூய்மையாக்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. உரத்தைக் குறைப்பதும் மலக்குழிகளை ஒழுங்காகக் கட்டுவதுமே முதல் வேலை. ஆனாலும், செலவில்லாமல் நடக்கும் ஒரு சுத்திகரிப்பை அரச பணம் கொடுத்து அழிப்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

வாய்க்கால் குளத்தில் விழும் இடத்தில் கோரை அடர்ந்து நின்றால் வரும் வெள்ளம் வேகம் குறைகிறது, மண் அங்கேயே படிகிறது, நடுக்குளம் தூராமல் இருக்கிறது. நிலத்தடித் தண்டுகள் பின்னிப் பிடித்திருக்கும் கரை அலையில் எளிதில் கரையாது. கோரையை வழித்தெடுத்த குளம் விரைவிலேயே மீண்டும் தூர்ந்தால் அதில் வியப்பில்லை.

உயிர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாழைக்கோழியும் நீலத் தாழைக்கோழியும் கோரைக்குள்தான் கூடு வைக்கின்றன. விரால் மீன் தன் குஞ்சுகளைச் செடி அடர்ந்த ஓரங்களில்தான் காக்கிறது. மாரியில் வடக்கேயிருந்து வரும் வாத்துகளுக்குக் கோரை விதை உணவு. தும்பியின் குடம்பி நீருக்குள் வளர்ந்து, ஒரு தண்டைப் பற்றி மேலேறித்தான் தோலுரித்துப் பறக்கிறது. செங்குத்தான சீமெந்துச் சுவரை அமைத்துவிட்டு இவையெல்லாம் எங்கே போயின என்று பின்னர் கேட்பது வீண்.

உங்களிடம் வரும் முறைப்பாடுகளை நான் அறிவேன். முதலாவது, கோரை தோட்டத்துக்குள் பரவிவிடும் என்ற அச்சம். வெங்காயத் தோட்டத்தில் கமக்காரரைப் பாடாய்ப் படுத்துவது சைபீரஸ் ரொட்டண்டஸ் எனும் வேறோர் இனம், கிழங்குக் கோரை. உலகின் மிக மோசமான களைகளில் ஒன்று என்று பெயர் வாங்கியது. குளத்துப் பன் சேறும் நிற்கும் நீரும் இல்லாமல் தழைக்காது. இறைத்துக் காயும் செம்மண் அதற்குரிய இடமே அல்ல. இரண்டாவது நுளம்பு. டெங்குவைப் பரப்பும் நுளம்பு குளத்தில் முட்டையிடுவதில்லை. வளவுக்குள் கிடக்கும் ரயர், சிரட்டை, மூடாத தண்ணீர்த் தாங்கி ஆகியவற்றைத்தான் அது தேடுகிறது. குளத்தில் பிறக்கும் வேறு நுளம்புகளின் குடம்பிகளைத் தும்பிக் குடம்பிகளும் சிறுமீன்களும் தின்கின்றன. மூன்றாவது பாம்பு. அது உண்மை, மறுக்க மாட்டேன். ஆட்கள் இறங்கும் படித்துறையைச் சுற்றிக் கோரையை வெட்டி வையுங்கள். அதற்காக முழுக் கரையையும் மொட்டையடிக்க வேண்டியதில்லை.

வியட்நாமின் மேக்கொங் கழிமுகத்தில் திராம் சிம் என்றொரு தேசியப் பூங்கா இருக்கிறது. நான் மேலே சொன்ன அதே கோரையினத்தின் கிழங்குகளைக் கிளறித் தின்பதற்காகச் சாரஸ் கொக்குகள் அங்கே வரும். 1980-களின் இறுதியில் ஆயிரம் வரை வந்தன. காட்டுத்தீயைத் தடுக்க வேண்டும் என்ற நல்ல நோக்கத்துடன் அங்குள்ளவர்கள் கோடையிலும் நீரை உயர்த்தித் தேக்கிவைத்தார்கள். ஆனால் இந்தக் கோரைக்கு நனைதலும் காய்தலும் மாறி மாறி வர வேண்டும். கோரை குறைந்தது, கிழங்கு குறைந்தது, கொக்குகளும் குறைந்தன. ஒன்றுகூட வராத ஆண்டுகளும் உண்டு. இப்போது நீரை மீண்டும் பருவத்துக்கேற்ப வடியவிட்டு அந்த நிலத்தை மீட்க முயல்கிறார்கள். நம் குளங்கள் மாரியில் நிறைந்து ஆடியில் வற்றுகின்றன. கோரை கேட்கும் பருவச் சுழற்சி இங்கே இயற்கையாகவே இருக்கிறது. ஒரே ஆழமுள்ள தொட்டியாகக் குளத்தை வெட்டும்போது, ஆழமற்ற அந்த ஓரத்தைத்தான் நாம் இழக்கிறோம்.

கோரையை அப்படியே விட்டுவிடுங்கள் என்றும் நான் கேட்கவில்லை. அறுவடை இல்லாத கோரை சிறிய குளம் ஒன்றை முழுவதுமாக மூடிவிடும். முன்பு பாய்க்காக அறுத்தார்கள், மாடு மேய்ந்தது, அதனால் அளவில் நின்றது. சங்கச் செய்யுள்களில் சிறுமியர் பைஞ்சாய்க் கோரையைக் கிழித்துப் பாவை செய்து விளையாடுகிறார்கள். அவ்வளவு நெடுங்காலமாக நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த செடி இது. இப்போது பிளாஸ்டிக் பாய் வந்துவிட்டது, அறுக்க ஆளில்லை. அறுத்த கோரையைத் தோட்டத்துக்கு மூடாக்காகவோ கூட்டெருவுக்கோ கொடுக்கலாம். பன்பாய் இழைக்கத் தெரிந்த பெண்கள் இருக்கும் ஊர்களில் மாதர் சங்கங்களிடம் அந்த உரிமையை ஒப்படைக்கலாம். வெட்டியதை நீருக்குள்ளேயே அழுக விட்டால் மட்டும் பயனில்லை; உறிஞ்சிய நைதரசன் திரும்பவும் குளத்துக்கே வந்துவிடும்.

ஆகவே உங்களிடம் கேட்பது இது. அடுத்த தூர்வாரல் மதிப்பீட்டில், நடுக்குளத்தை ஆழமாக்குவதோடு கரையின் ஒரு பகுதியையாவது சரிவாகவும் கோரையுடனும் விட வேண்டும் என்று எழுத்தில் சேருங்கள். வாய்க்கால் விழும் பக்கத்துக் கோரையை இயந்திரம் தொடக்கூடாது. எஞ்சியதை ஓர் ஆண்டு ஒரு பக்கம், மறு ஆண்டு மறு பக்கம் என்று, மாரிக்கு முன்பு, கிழங்கை விட்டுத் தண்டை மட்டும் அறுக்கலாம். சீமெந்துக் கட்டு தேவையானால் படித்துறைக்கும் மதகுக்கும் மட்டும் போதும். வேலை தொடங்குமுன் ஊர்க்காரரையும், பல்கலைக்கழகத்தில் நீர்நிலைத் தாவரங்களைப் படித்தவர் ஒருவரையும் கரைக்கு அழைத்து வாருங்கள். எந்தப் பக்கத்தை விடுவது என்பதை அங்கே நின்றே முடிவு செய்யலாம். இதனால் செலவு அதிகரிக்காது, வெட்டும் நீளம் குறைவதால் மிச்சமே ஆகும்.

நன்றியுடன்,
வலிகாமத்துக் கிணற்று நீரைக் குடித்து வாழும் ஒருவர்