அப்பாவோடு பாடினவர்களுக்கு

கர்த்தருக்குள் அன்பான பாடகர் குழுவினருக்கும், வாலிபத் தம்பி தங்கைகளுக்கும், போதகர் ஐயாவுக்கும், சபையார் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் ஸ்தோத்திரம்.

அப்பா நித்திரையடைந்த பிறகு உங்கள் ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தோம். அடக்க ஆராதனை அன்று எங்களுக்குப் பேச வாய் வரவில்லை. அதனால்தான் இந்த மடல். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். வந்து நாலு பாட்டு பாடினோம், அவ்வளவுதானே என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அந்த நாலு பாட்டு எங்கள் வீட்டில் என்ன செய்தது என்று சொல்லாமல் நன்றி மட்டும் சொன்னால் எங்களுக்கு மனசு ஆறாது.

அப்பாவுக்கு மறதி நோய் என்பது உங்களுக்குத் தெரியும். முதலில் பேரப்பிள்ளைகளின் பெயர் போயிற்று, அப்புறம் எங்கள் பெயர். கடைசியில் அம்மாவைப் பார்த்தே, "நீங்க யாரு வீட்டுப் பிள்ளை?" என்று மரியாதையாகக் கேட்பார். ஜெபிக்கச் சொன்னால் கண்ணை மூடுவார், வார்த்தை வராது. ஒரு வாக்கியத்தைத் தொடங்கி நடுவில் நின்றுவிட்டு, மிச்சம் எங்களிடம் இருக்கிறதா என்பதுபோல முகத்தைப் பார்ப்பார். வாழ்நாளெல்லாம் வேதத்தோடும் ஜெபத்தோடும் இருந்த மனுஷர். அந்த விசுவாசம் இப்போது அவருக்குள் எங்கே இருக்கிறது என்ற கேள்வி எங்களை அரித்துக்கொண்டே இருந்தது. வெளியே யாரிடமும் கேட்கவும் முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பாடகர் குழுத் தலைவர் அண்ணன், "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாங்க வந்து பாடலாமா?" என்று கேட்டார். அந்த முதல் சாயங்காலத்தை வந்திருந்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். முதல் சரணத்தில் அப்பா உதட்டை மட்டும் அசைத்தார். இரண்டாம் சரணத்தில் குரல் வந்தது. மூன்றாம் சரணத்தில் உங்களில் சிலரே புத்தகத்தைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தபோது, அப்பா எதையும் பார்க்காமல் பாடினார். அதுவும் மெட்டை அல்ல. வாலிபத்தில் குழுவில் நின்று பாடிய பேஸ் பாகத்தை, அதாவது ஆண்களின் தாழ்ந்த குரல் பகுதியை. இறங்க வேண்டிய இடத்தில் சரியாக இறங்கினார். அம்மா சமையலறை வாசலில் நின்றபடியே அழுதார்கள்.

பாட்டு முடிந்ததும் இன்னொன்று நடந்தது. அதை நீங்கள் கவனித்தீர்களோ என்னவோ. அண்ணன் ஜெபிக்கத் தொடங்குமுன் அப்பாவே ஜெபித்தார். சின்ன ஜெபம். அதில் அவர் புதிதாகச் சொன்ன வார்த்தை ஒன்றுகூட இல்லை. ஒரு பாட்டின் இரண்டாம் அடி, இன்னொரு பாட்டின் பல்லவி, ஒரு சங்கீதத்தின் துண்டு. எல்லாம் பாட்டிலிருந்து வந்தவை. ஆனாலும் அது முழு ஜெபம். ஸ்தோத்திரமும் விண்ணப்பமும் அதில் இருந்தன. "ஆமென்" சொல்லி முடித்தார்.

நினைவு தளர்ந்தவர்களிடமும் பழகிய பாட்டுகள் நெடுநாள் தங்குவதுண்டு என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஓரளவு புரிந்துகொள்ளவும் முடிகிறது. மோனையும் எதுகையும் ஒரு அடியிலிருந்து அடுத்த அடிக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகின்றன. தாளம் இடையில் நிற்க விடாது. ஆனால் எனக்குப் பட்டது அதற்கும் ஒரு படி மேலே. அப்பா கேட்ட பிரசங்கங்கள் எத்தனையோ. அவற்றுக்கெல்லாம் அவர் கருத்தாகக் குறிப்பும் எடுத்தார். அவற்றில் எதுவும் அந்தச் சாயங்காலத்தில் அவருக்குக் கிடைக்கவில்லை. பாடியது மட்டும் கிடைத்தது. கிறிஸ்துவின் வசனம் உங்களுக்குள் வாசமாயிருக்கட்டும் என்று கொலோசெயருக்கு எழுதும் பவுல், அதே மூச்சில் சங்கீதங்களாலும் கீர்த்தனைகளாலும் ஞானப்பாட்டுகளாலும் ஒருவருக்கொருவர் போதிக்கச் சொல்கிறார். பாட்டை அவர் போதனையாகவே வைத்திருக்கிறார். ஆராதனையில் பிரசங்கத்துக்கு முன்னால் நேரம் நிரப்புகிற காரியமாக நாம் அதை நினைத்துவிடக் கூடாது.

அந்த வாரம் முழுக்க எனக்கு ஒரே நினைவுதான். சிலுவையில் நம் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைகளில் இரண்டு சங்கீதங்களிலிருந்து வந்தவை. "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பது 22ஆம் சங்கீதத்தின் தொடக்கம். ஆவியைப் பிதாவின் கையில் ஒப்புவிக்கும் வார்த்தை 31ஆம் சங்கீதத்தில் இருக்கிறது. கடைசி வேதனையில் அவர் வாயில் வந்தவை தம் ஜனங்களோடு சேர்ந்து ஜெபித்த பாட்டின் வார்த்தைகள். அதற்கு முந்தின இராத்திரியும், பந்தி முடிந்து ஒலிவமலைக்குப் புறப்படுமுன் ஸ்தோத்திரப்பாட்டுப் பாடினார்கள் என்று மாற்கு எழுதுகிறார். சொந்த வார்த்தை வராத அப்பாவின் நிலையை நினைத்து வெட்கப்படவோ பயப்படவோ வேண்டியதில்லை என்று அப்போதுதான் எங்களுக்குத் தைரியம் வந்தது.

சரி, ஒவ்வொருவரின் உதவியையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்.

பாட்டுகளைத் தாளில் எழுதிக்கொடுத்த அக்காவுக்கு நன்றி. ஒரு பக்கத்தில் ஒரே சரணம், விரல் அகலத்துக்கு எழுத்து, பல்லவி மட்டும் சிவப்பு மையில். அப்பா வாசிப்பை விட்டு எவ்வளவோ நாளாகியும், அந்தச் சிவப்பைக் கண்டால் பல்லவி என்று தெரிந்துகொண்டு விரலை வைப்பார்.

கீபோர்டு வாசித்த தம்பிக்கு நன்றி. அப்பாவின் குரல் மேலே ஏறாது என்று பார்த்தவுடன், யாரும் சொல்லாமலே சுருதியைக் குறைத்தாய். தாளத்தையும் அணைத்துவிட்டு அவர் மூச்சுக்குக் காத்து வாசித்தாய். அவர் ஒரு அடியைத் திரும்பத் திரும்பப் பாடியபோது நீயும் அதே அடிக்குத் திரும்பி வந்தாய். வாசிக்கத் தெரிந்தவர்கள் பலர் இருக்கலாம். கூடவே நடந்து வருகிறவர்கள் குறைவு.

வாலிபப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நீங்கள் பாடும் புதுப் பாட்டுகளில் ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது என்று பெரியவர்கள் சிலர் குறைப்பட்டுக்கொண்டது உங்கள் காதுக்கும் வந்திருக்கும். 136ஆம் சங்கீதத்தில் இருபத்தாறு வசனங்கள். "அவர் கிருபை என்றுமுள்ளது" என்பது இருபத்தாறிலும் வருகிறது. கடைசி மாதங்களில் நீண்ட சரணங்கள் அப்பாவுக்கு நழுவத் தொடங்கியபோது, அவரால் சேர்ந்து பாட முடிந்தது நீங்கள் கொண்டுவந்த ஒருவரிப் பல்லவிகளைத்தான். பழசா புதுசா என்பது எனக்கு இப்போது பெரிய காரியமாகத் தெரியவில்லை. வியாதிப் படுக்கையில் கிடப்பவர் உண்மையாகச் சொல்லக்கூடிய ஒரு வார்த்தை அந்தப் பாட்டில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறேன். சில பழைய பாட்டுகளில் அது இல்லை, சில புதுப் பாட்டுகளில் நிறையவே இருக்கிறது.

போதகர் ஐயா, நீங்கள் எங்களை அவசரப்படுத்தி ஆறுதல்படுத்தவில்லை. அதற்கு நன்றி. அம்மா மிகவும் உடைந்திருந்த நாளில் நீங்கள் வந்து 88ஆம் சங்கீதத்தை வாசித்தீர்கள். மற்ற புலம்பல்களில் முடிவில் ஒரு திருப்பம் வரும். இதில் அதுகூட இல்லை, இருளிலேயே முடிகிறது. "இப்படியும் ஆண்டவர்கிட்ட பாடலாமா ஐயா?" என்று அம்மா கேட்டார்கள். "வேதத்துலயே இருக்கேம்மா" என்றீர்கள். அதற்குப் பிறகுதான் அம்மா மறுபடி ஜெபிக்க ஆரம்பித்தார்கள். சந்தோஷப் பாட்டு மட்டுமே பாடும் சபையில், துக்கப்படுகிறவர்கள் தங்களுக்கு விசுவாசம் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். அடக்க ஆராதனையில் புலம்பலுக்கும் இடம் கொடுத்து, அதற்குப் பின் உயிர்த்தெழுதலின் பாட்டைப் பாட வைத்தீர்கள். அந்த வரிசையை நாங்கள் மறக்க மாட்டோம்.

துக்க வீட்டில் பாடுவது சபைக்குப் புதிதும் அல்ல. கி.பி. 387இல் தம் தாய் மோனிக்கா இறந்தபோது நடந்ததை, ஆதிச் சபையின் பெரிய போதகர்களில் ஒருவரான அகஸ்டின் எழுதியிருக்கிறார். எவோடியஸ் என்ற நண்பர் சங்கீதப் புத்தகத்தை எடுத்துப் பாடத் தொடங்க, வீட்டார் எல்லோரும் பதில் பாடினார்களாம். அகஸ்டினுக்கு அப்போது அழுகை வரவில்லை. அடக்கமெல்லாம் முடிந்து, தூங்கி எழுந்து தனியாகப் படுத்திருக்கையில், மிலான் பேராயர் அம்புரோஸ் எழுதிய இராப்பாட்டின் வரிகள் நினைவுக்கு வருகின்றன. அதன்பின் தாயை நினைத்து அழுகிறார். அந்தப் பாட்டுகள் மிலான் சபைக்குள் வந்த கதையும் அவர் சொன்னதுதான். அதற்கு முந்தின ஆண்டு அரசியின் நெருக்கடியால் சபையார் ஆலயத்துக்குள்ளேயே இரவு பகலாகக் காத்துக் கிடந்தபோது, துயரத்தில் சோர்ந்துபோகாதபடி பாடச் சொல்லிக்கொடுத்தார்கள். அன்று கூட்டமாகக் கற்றுக்கொண்டது, பிறகு ஒருவர் தனியாகப் படுத்திருந்த அறைக்குள் உதவிக்கு வந்தது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

அதனால் பாட்டு எழுதினவர்களையும் மொழிபெயர்த்தவர்களையும் நன்றியோடு நினைக்கிறேன். சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் காலத்தில் 1524இல் எட்டே பாட்டுகளோடு ஒரு சிறு பாட்டுப் புத்தகம் வந்தது. எழுத்தறியாத மக்களும் விசுவாசத்தின் அடிப்படைகளைப் பாடியே கற்றார்கள். தமிழில் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் நம் ராகங்களிலேயே கீர்த்தனைகளைத் தந்துவிட்டுப் போனார்கள். இவர்கள் பெயராவது நமக்குத் தெரியும். சின்ன வயதில் அப்பாவை வரிசையில் நிற்க வைத்து, சரணம் சரணமாகச் சொல்லிக்கொடுத்த ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. கேட்டால் சொல்லியிருப்பார் என்ற காலத்தில் நாங்கள் யாரும் கேட்க நினைக்கவில்லை. அந்த முகம் தெரியாத ஆசிரியருக்கும் இந்த மடலில் பங்கு உண்டு. இப்போது அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிற ஆசிரியர்களே, பிள்ளைகள் கத்துகிறார்கள், கவனிக்கவில்லை என்று மனம் தளராதீர்கள். எல்லாச் சரணங்களையும் சொல்லிக்கொடுங்கள். நேரமில்லை என்று முதல் சரணமும் கடைசிச் சரணமுமாக நிறுத்திவிடாதீர்கள். அப்பாவுக்குக் கைகொடுத்தது மூன்றாம் சரணம்.

ஒவ்வொரு வாரமும் பாட்டுகளைத் தெரிந்தெடுக்கிறவர்களுக்கும் நன்றி. பெரும்பாலும் யாரும் உங்களைப் பாராட்டுவதில்லை, பிடிக்காத பாட்டு வந்தால் மட்டும் வந்து சொல்வார்கள். நீங்கள் சனிக்கிழமை உட்கார்ந்து எழுதும் அந்தப் பட்டியலிலிருந்துதான், பல வருடம் கழித்து யாரோ ஒருவர் ஜெபிக்கப் போகிறார்.

அக்கா எழுதின பாட்டுத் தாள்கள் முழுவதும் எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன. கீபோர்டு தம்பி அவற்றுக்கேற்பக் குறைந்த சுருதியில் பதிவுசெய்து கொடுத்ததும் இருக்கிறது. நம் சபையில் வேறு சில வீடுகளிலும் இதே நோய் இருப்பது எங்களுக்குத் தெரியும். யாருக்குத் தேவையானாலும் போதகர் ஐயாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், படியெடுத்துக் கொண்டுவந்து தருகிறோம். ஞாயிறு சாயங்காலம் போகும் குழுவில் இனி அம்மாவையும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம். அம்மா ஆல்ட்டோ, பெண்களின் தாழ்ந்த குரல் பகுதி, பாடுவார்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
அம்மாவும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்