பாலைத் தந்துவிட்டு ஐஸ் பேக்கை எடுத்துக்கொண்டவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய விமானப் பயணப் பாதுகாப்பு அதிகாரிகளுக்கும், கவுண்டரில் பொதி ஏற்கும் விமான நிறுவனத்தாருக்கும் திருகோணமலையிலிருந்து ஒரு தாய் எழுதுவது.

என் முறைப்பாட்டுக்கு உங்கள் பதில் கிடைத்தது. நன்றி. "பயணியின் பால் எதுவும் பறிமுதல் செய்யப்படவில்லை" என்று அதில் இருக்கிறது. உண்மைதான். இந்தியாவிலிருந்து திரும்பும்போது என் மகளுக்காக உறையவைத்துக் கொண்டுவந்த தாய்ப்பாலை நீங்கள் எடுக்கவில்லை. அதைச் சுற்றி வைத்திருந்த ஐஸ் பேக்குகளை மட்டும்தான் எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டீர்கள். நாள், நேரம் எல்லாம் உங்கள் கோப்பில் இருக்கின்றன, திரும்ப ஒப்புவிக்கப் போவதில்லை. பதிலில் விடுபட்டதைத்தான் எழுதுகிறேன்.

அலுவலகப் பயிற்சிக்காக இந்தியாவுக்குப் போனபோது என் மகளுக்கு ஆறு மாதம் நிறையவில்லை. போக மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்று உங்களில் யாராவது நினைக்கலாம். சொன்னால் பதவி உயர்வு அடுத்த மேசைக்குப் போகும், அது வேறு கதை. மகளை அம்மாவிடம் விட்டேன். வீட்டு ப்ரீஸரில் சேர்த்துவைத்திருந்த பால் அந்த நாட்களிலேயே தீர்ந்துவிடும். திரும்பி வந்து நான் வேலைக்குப் போகும் பகல்களுக்கு வேறு இருப்பு வேண்டும். அதனால் அங்கே இடைவேளைக்கு இடைவேளை பம்ப் செய்து, பைகளில் அடைத்து, தேதியும் நேரமும் எழுதி, விடுதி ப்ரீஸரில் வைத்தேன். சமையலறை அக்கா மீனை ஒரு பக்கம் ஒதுக்கி எனக்கென்று ஒரு தட்டு விட்டுத் தந்தார். புறப்படும்போது பைகள் எல்லாம் நன்றாக இறுகிக் கட்டியாக இருந்தன.

திரும்பும் வழியில் விமான நிலைய எக்ஸ்ரேயில் பெட்டி நின்றது. முதல் கேள்வி: "குழந்தை எங்கே?"

திருகோணமலையில் என்றேன். குழந்தை இல்லாமல் குழந்தைப் பால் கொண்டுபோக முடியாதாம். ஐயா, குழந்தை என் மடியில் இருந்திருந்தால் நான் ஏன் பாலைப் பையில் அடைத்து உறையவைக்கப் போகிறேன்? இதை அங்கேயே சொன்னேன், மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் மேலதிகாரியைக் கூப்பிட்டார். மேலதிகாரி இன்னொருவரைக் கூப்பிட்டார். பெட்டி மூடி திறந்தபடி மேசையில் கிடந்தது. ஒருவர் ஒரு பையை இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வரிசையில் நின்றவர்களும் பார்த்தார்கள். எனக்கோ பம்ப் செய்யும் நேரம் தாண்டிவிட்டது. மாரில் பால் கட்டி வலித்தது, சட்டை நனையத் தொடங்கியது. ஷோலை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றேன்.

கடைசியில் தீர்ப்பு வந்தது. பால் உறைந்திருக்கிறது, ஆகவே திரவம் இல்லை, போகலாம். ஐஸ் பேக்கின் ஓரம் இளகியிருக்கிறது, ஆகவே திரவம், போக முடியாது. அது இளகியதே உங்கள் மேசையில் கிடந்த நேரத்தில்தான்.

விமானத்தில் இருந்த நேரம் கொஞ்சம்தான். கொழும்பில் வீடு உள்ள தாய்க்கு அத்தோடு சரி. எனக்கு அப்புறம்தான் பயணமே தொடங்குகிறது. கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று வாடகை வேனில் ஆறு மணி நேரத்துக்கு மேல். தம்புள்ளையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் குளிர்பானத்துக்கு வைத்திருந்த ஐஸைக் கெஞ்சி வாங்கி, பொலித்தீன் பையில் கட்டிப் பெட்டிக்குள் போட்டேன். பிந்திவிட்டது. வீட்டில் பெட்டியைத் திறந்தபோது பைகள் தளதளவென்று ஆடின. முழுதாக இளகிய தாய்ப்பாலைத் திரும்ப உறையவைக்கக் கூடாது. குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்து இளகவைத்தாலும் 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், வெளிச் சூட்டில் இளகியது அவ்வளவும் தாங்காது. ஒரு குழந்தை எவ்வளவுதான் குடிக்கும்? மிச்சப் பைகளை ஒவ்வொன்றாகக் கத்தரித்து அம்மாதான் ஊற்றினார், மருதாணிச் செடியடியில், கால் படாத இடமாகப் பார்த்து.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே ஒன்று: விதியை எழுத்தில் தாருங்கள்.

திரவக் கட்டுப்பாடு எதற்கு வந்தது என்று தெரியும். 2006இல் லண்டனிலிருந்து புறப்படும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி பிடிபட்ட பிறகு வந்தது. குண்டு என்றால் என்னவென்று திருகோணமலைக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சோதியுங்கள், எக்ஸ்ரேயில் போடுங்கள், அதனால் பால் கெடாது. ஆனால் கைப்பொதியில் ஒரு திரவப் போத்தல் 100 மில்லிலீட்டரைத் தாண்டக் கூடாது என்ற கணக்கிலிருந்து குழந்தை உணவுக்கு விலக்கு உண்டு என்பதும் உங்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் குழந்தை கூட வர வேண்டியதில்லை, பாலுக்கு வைத்த ஐஸ் பேக் பாதி இளகியிருந்தாலும் விடலாம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். சோதனை செய்பவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க 2016இல் ஒரு சட்டமும் போட்டார்கள். பிரித்தானியாவில் தாய்ப்பாலை ஒரு போத்தலில் 2 லீட்டர் வரை கையில் கொண்டுபோகலாம், ஆனால் உறைந்த தாய்ப்பால் கைப்பொதியில் கூடாது. எனக்கு அந்த விதி பிடிக்கவில்லை. ஆனாலும் முன்கூட்டியே தெரிந்தால் ஒரு தாய் எப்படியாவது சமாளிப்பாள். மேசைக்கு மேசை மாறும் விதியை யார் சமாளிப்பது?

விமான நிறுவனத்தாருக்கும் இதுவே. ட்ரை ஐஸ், அதாவது உறைந்த கரியமில வாயுக் கட்டி, ஆளுக்கு 2.5 கிலோ வரை, உங்கள் அனுமதியோடு, வாயு வெளியேறக்கூடிய பெட்டியில் கொண்டுபோகலாம் என்பது உங்கள் துறையின் சர்வதேச விதி. கவுண்டரில் கேட்டபோது அங்கே வேலை செய்த இரண்டு பிள்ளைகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

வரியில்லாக் கடையில் வாங்கிய ஒரு லீட்டர் விஸ்கி, முத்திரையிட்ட பையில் கம்பீரமாக விமானம் ஏறுகிறது. அதன் குழந்தை எங்கே என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் ஊர் மீன் ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியில் ஐஸோடு கொழும்பு போய்ச் சேர்கிறது, கெடாமல். இலங்கையில் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைகள் 82 சதவீதம் என்று 2016 கணக்கெடுப்பு சொல்கிறது, ஆகஸ்ட் முதல் வாரம் வந்தால் மேடை போட்டுப் பெருமைப்படுகிறோம். எங்கள் ஊர்ச் சீனக்குடாவில் 1942இல் ஜப்பான்காரன் குண்டு போட்ட காலத்திலிருந்தே ஓடுபாதை இருக்கிறது, ஆனால் வெளிநாட்டு விமானம் பிடிக்க நாங்கள் இன்னும் நாட்டைக் குறுக்கே கடந்து ஓடுகிறோம். இது உங்கள் மேசைக்குரிய விஷயம் இல்லை, மன்னிக்கவும். கோபத்தில் வந்துவிட்டது.

உங்கள் மேசைக்குரியது இதுதான். அடுத்த மாதம் எங்கள் பணிமனையிலிருந்து இன்னொரு தங்கச்சி அதே பயிற்சிக்குப் போகிறாள். அவளுக்கும் கைக்குழந்தை. பெட்டியில் எதைப் போடலாம் என்று என்னைக் கேட்கிறாள். பால் உறைந்திருக்க வேண்டுமா கூடாதா, குழந்தை கூட இல்லாவிட்டால் என்ன, ஐஸ் பேக் இளகினால் என்ன, ட்ரை ஐஸுக்கு யாரிடம் எத்தனை நாள் முன்பு எழுத வேண்டும்: இவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரே தாளில், கையொப்பத்தோடு தயவுசெய்து எழுதித் தாருங்கள். அதன் பிரதியொன்று சோதனை மேசையிலும் இருக்கட்டும். அவள் டிக்கெட் எடுப்பதற்கு முன் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் பதிலின்படி பால் எதையும் இழக்காத பயணி,
திருகோணமலை