கேட்டால் காட்டு

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. ஸ்தோத்திரம். நீ புதுச் சேகரத்தில் சபைக் குருவாகப் பொறுப்பெடுத்ததை உன் அம்மா தெருவில் ஒரு வீடு பாக்கி விடாமல் சொல்லி முடித்துவிட்டாள். உன்னை 'ஏல' என்று கூப்பிட்டவர்கள்கூட இப்போது "ஐயர் எப்படி இருக்கார்?" என்று விசாரிக்கிறார்கள். சந்தோஷம்தான்.

ஆனால் போனில் நீ சொன்ன ஒன்று மனதை விட்டுப் போகவில்லை. கூட்டத்தில் ஒருவர் காணிக்கைக் கணக்கைக் கேட்டதும், "அபிஷேகம் பண்ணப்பட்டவரைக் கேள்வி கேட்கலாமா?" என்று கமிட்டிப் பெரியவர் அவரை உட்கார வைத்துவிட்டார் என்றாய். உனக்கும் அது கொஞ்சம் இனித்த மாதிரி தெரிந்தது. அந்த ஆதரவு உனக்கு வேண்டாம்.

1 சாமுவேல் 24ஐ எடுத்து முழுசாக வாசி. என்கேதிக் குகையில், தன்னைக் கொல்லத் தேடிய சவுல் ராஜா கைக்கெட்டிய தூரத்தில் இருந்தும், கர்த்தர் அபிஷேகம் பண்ணினவர்மேல் கை போடமாட்டேன் என்றார் தாவீது. கை போடமாட்டேன் என்றாரே தவிர, வாய் திறக்கமாட்டேன் என்று சொல்லவில்லை. சவுலின் சால்வையிலிருந்து அறுத்தெடுத்த தொங்கலோடு குகைக்கு வெளியே வந்து, ராஜாவை நேருக்கு நேர் நியாயம் கேட்டார். அதே அதிகாரம்தான். நம் ஆட்கள் பாதியிலேயே வேதத்தை மூடிவிடுகிறார்கள்.

சவுலை அபிஷேகம் பண்ணின சாமுவேல் தீர்க்கதரிசியே தலை நரைத்தபின் ஜனங்கள் முன் நின்று, "நான் யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன்? யாருடைய கழுதையை எடுத்துக்கொண்டேன்?" என்று கேட்டார். பரிதானம், அதாவது லஞ்சம், வாங்கியிருந்தால் சொல்லுங்கள், திருப்பித் தருகிறேன் என்றார். யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை, அவராகவே வந்து நின்றார். அவருடைய பிள்ளைகளோ பெயெர்செபாவில் நியாயாதிபதிகளாக இருந்து பரிதானம் வாங்கினார்கள். 'வாத்தியார் மகன், தப்பு பண்ணமாட்டான்' என்று உன்னை யாராவது நம்பினால் அந்தப் பிள்ளைகளை நினைத்துக்கொள்.

உன் சேகரத்தில் பீடி சுற்றுகிற பெண்கள் அதிகம் என்றாய். உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்துப் போட்டு, சேர்ந்ததைக் கோயிலுக்குக் கொண்டு வருகிறவர்கள். அளந்து, விற்று, நோட்டில் ஏறும்போது அது ஒரே வரியாகிவிடும்: 'கைப்பிடி அரிசி வகையில்' என்று. அந்த வரி எங்கே போனது என்று அந்தப் பெண் கேட்டால், நீ பதில் சொல்லத்தான் வேண்டும். நம் வெள்ளாளன்விளை அசரியாவும் கூட்டாளிகளும் 1903ல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது, நம் ஜனங்கள் கொடுப்பதை வைத்தே நடத்துவோம் என்றுதான் இறங்கினார்கள். அவர் 1912ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனது அதற்கப்புறம்தான்.

எருசலேம் ஏழைகளுக்குச் சேர்த்த பணத்தை அப்போஸ்தலன் பவுல்கூடத் தன் பொறுப்பில் மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஒருவரையும் கூட்டிக்கொண்டார். "கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும்" யோக்கியமாக இருக்க வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். 'கர்த்தருக்குத் தெரியும்' என்று ஜெபத்தில் சொல்லலாம், கணக்குக் கூட்டத்தில் சொல்லாதே.

ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பையை வெஸ்ட்ரி அறையில் நீ தனியாகப் பிரிக்காதே. கமிட்டியில் ஒருவர், வாலிபர் சங்கத்தில் ஒருவர், பெண்கள் ஐக்கியத்தில் ஒருவர் உட்கார்ந்து எண்ணட்டும். தொகையை அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போடட்டும். பென்சில் வேண்டாம், பேனா.

அப்புறம், அறுப்பின் பண்டிகை ஏலம். ஜனங்கள் காணிக்கையாகக் கொண்டுவருவதை ஏலம் விடுவோமே, அதுதான். பூசணிக்காய் ஆயிரம் ரூபாய்க்குப் போகும். கையைத் தூக்கியவர் பணத்தை எப்போது கட்டுவார் என்பது வேறு கதை. பெரிய ஆள் பாக்கியைச் சத்தமில்லாமல் தள்ளிவிட்டு, விதவையின் பாக்கியைப் பீடத்திலிருந்து வாசிக்கிற கொடுமையை நான் பார்த்திருக்கிறேன். நீ அதற்கு வாய் கொடுக்காதே.

கணக்குக் கேட்ட அந்த மனுஷனை இந்த வாரமே வீட்டில் போய்ப் பார். ஜெபம் பண்ணிவிட்டு மட்டும் வராதே, நோட்டையும் கொண்டுபோய்க் காட்டு. கமிட்டிப் பெரியவருக்குக் கோபம் வரும். வரட்டும்.

பண்டிகைக்கு அம்மாவும் நானும் வருகிறோம். ஏலத்தில் நான் எடுக்கிற சேவலுக்குப் பணத்தைக் கையோடு வாங்கிக்கொள். பிறகு தருகிறேன் என்று நான் இழுத்தால், பாக்கிப் பட்டியலில் என் பெயரையும் எழுதி மற்றவர்களோடு சேர்த்து வாசி.

அன்புடன்,
அப்பா