நடுவழியில் நின்ற வண்டி: நண்பனுக்கு ஒரு கடிதம்

திருச்சி,
14-6-2025

அன்புள்ள சண்முகத்துக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. முழங்கால் வலி தணிந்து நீ மறுபடியும் வெளியே நடமாடத் தொடங்கியிருப்பதும், பேருந்துக்குக் காத்து நிற்கும் தொல்லை தீரப் பழைய கார் ஒன்றை வாங்கியிருப்பதும் மகிழ்ச்சியான செய்திகள். காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது வண்டி நடுவழியில் நின்றால் உதவிக்கு ஆள் அனுப்பும் ‘ரோட்சைட் அசிஸ்டன்ஸ்’ என்று ஒன்றைச் சேர்த்துக்கொள்ளும்படி முகவர் வற்புறுத்துகிறார், அதற்குத் தனியாக 400 ரூபாய்க்கு மேல் கேட்கிறார், அது அவசியந்தானா என்று கேட்டிருந்தாய். இந்தக் கேள்வியை நீ மார்ச் மாதத்தில் கேட்டிருந்தால், ‘வீண் செலவு, வேண்டாம்’ என்று ஒரே வரியில் பதில் எழுதியிருப்பேன். என் வண்டிக்கு நானே அப்படித்தான் செய்தேன். மே மாதம் மதுரைக்குப் போகும் வழியில் நடந்ததற்குப் பிறகு அந்த ஒரு வரியை எழுதக் கை வரவில்லை.

கமலாவின் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்காக நாங்கள் இருவரும் காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். விராலிமலை தாண்டி, சுங்கச்சாவடியும் தாண்டி, துவரங்குறிச்சியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது வெப்பமானியின் முள் நடுவிலிருந்து மேலே நகர்ந்திருப்பதைக் கவனித்தேன். ஒன்பது ஆண்டு ஓடிய வண்டி, போதாக்குறைக்குக் கத்திரி வெயில். ஏசியை நிறுத்தினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். நிறுத்தினேன், முள் இறங்கவில்லை. அந்த இடத்திலேயே ஓரங்கட்டியிருக்க வேண்டும். ஆனால் சாலையின் இருபுறமும் பொட்டல் வெளி. ஒரு மரம் இல்லை, ஒரு கடை இல்லை. கமலாவை அந்த வெயிலில் நிறுத்திவிட்டு யாரை அழைப்பது, யார் வருவார்கள் என்ற எண்ணம்தான் முதலில் வந்தது. இன்னும் இரண்டு மூன்று கிலோமீட்டரில் நாங்கள் எப்போதும் நிறுத்தும் டீக்கடை ஒன்று வரும், அதுவரை எப்படியாவது உருட்டிவிடலாம் என்று ஓட்டினேன். டீக்கடை வரவில்லை. பானெட்டின் இடுக்கிலிருந்து வெண்புகை கிளம்பியது, முள் சிவப்பைத் தொட்டது, வண்டி ஒருமுறை குலுங்கித் தானாகவே அணைந்துவிட்டது.

அந்த இரண்டு கிலோமீட்டரைப் பற்றித்தான் உனக்கு முக்கியமாக எழுத வேண்டும். வண்டியில் என்ன கெட்டிருந்தது தெரியுமா? ரேடியேட்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸில், அதை இறுக்கும் வளையமான கிளாம்ப் கடித்திருந்த இடத்தில், சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கீறல். அவ்வளவுதான். கீறல் விட்ட முனையை வெட்டியெறிந்து, மிச்ச ஹோஸை உள்ளே தள்ளிக் கிளாம்பை முறுக்கி, தண்ணீர் ஊற்றினால் ஊர் போய்ச் சேரலாம். பின்னால் ஒரு மெக்கானிக் பையன் வந்து, பத்து நிமிடத்தில் அதைச் செய்து முடித்து 200 ரூபாய் வாங்கிக்கொண்டான். ஆனால் அவன் எஞ்சினைக் கிளப்பிப் பார்த்தபோது ரேடியேட்டரில் சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் குமிழிகள் வந்தன. “சார், ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு. இதுக்கு மேல ஓட்டாதீங்க” என்றான். தண்ணீர் இல்லாமல் ஓடிய எஞ்சினின் மேல்மூடியான ஹெட் சூட்டில் வளைந்து, அதற்கடியில் கசிவை அடைக்கும் கேஸ்கெட்டும் போய்விட்டது. திருச்சியில் அதைக் கழற்றி, லேத் பட்டறையில் வளைந்த பரப்பைச் சமமாகச் சீவும் பேஸிங் போட்டு, புதுக் கேஸ்கெட் வைத்துப் பூட்டி முடிக்கும்போது 16,800 ரூபாய் ஆகியிருந்தது.

கூடுதல் வசதியை வாங்கியிருந்தால் இந்தப் பணம் மிச்சமாகியிருக்கும் என்று கமலா இன்றும் சொல்கிறாள். பாதிதான் உண்மை. அவர்கள் வண்டியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பட்டறையில் விட்டிருப்பார்களே தவிர, ஹெட்டுக்குப் பணம் கட்டியிருக்கப் போவதில்லை. ஆனால் கையில் அழைப்பதற்கு ஓர் எண் இருந்திருந்தால், முள் ஏறிய இடத்திலேயே நான் நிறுத்தியிருப்பேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். உதவிக்கு ஆள் இல்லை என்று நினைப்பவன்தான் வண்டியைச் சாகும்வரை ஓட்டுகிறான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், உதவிக்கு ஆள் இருந்தது. தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் 1033 என்ற எண் நினைவில் இல்லாமல் போனதுதான் என் குறை. முன்பெல்லாம் சுங்கச்சாவடியில் பணம் கட்டினால் தரும் சீட்டில் ஆம்புலன்ஸ், கிரேன் எண்கள் அச்சிட்டிருக்கும்; 2021-இல் பாஸ்டேக் கட்டாயமானதோடு சீட்டும் போயிற்று, எண்ணும் கண்ணில் படாமல் போயிற்று. மதுரையிலிருந்து மைத்துனர் தொலைபேசியில் நினைவுபடுத்திய பிறகுதான் அழைத்தேன். எடுத்த பெண் முதலில் கேட்டது, எந்தக் கிலோமீட்டர் கல்லுக்கு அருகில் நிற்கிறீர்கள், எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தீர்கள் என்பதைத்தான். விராலிமலைக்கும் துவரங்குறிச்சிக்கும் நடுவே என்று சொன்னால் அவர்களுக்குப் போதாது. மஞ்சள் தலை வைத்த கல்லைத் தேடி நான் நானூறு அடி நடந்தேன். நீயும் நெடுஞ்சாலையில் போகும்போது அவ்வப்போது ஒரு கல்லைப் படித்து வைத்துக்கொள்.

முக்கால் மணி நேரத்தில் ரோந்து வண்டி வந்தது. அதிலிருந்து இறங்கியவர் எஞ்சினைப் பார்க்கவேயில்லை, எங்களைத்தான் பார்த்தார். கமலா கதவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். “அம்மாவை முதல்ல கீழ இறக்குங்க சார்” என்று சற்றுக் கடுமையாகவே சொல்லி, இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்தார். ஓரத்தில் நிற்கும் வண்டியில் பின்னால் வரும் லாரி மோதுவதை அவர் எத்தனை முறை பார்த்திருப்பாரோ. நான் ஹசார்டு விளக்கைப் போட்டிருந்தேன், ஆனால் அந்த உச்சி வெயிலில் அது எரிகிறதா என்றே தெரியவில்லை. வண்டி வாங்கியபோது கொடுத்த சிவப்பு முக்கோணம் டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் உறை பிரிக்காமல் கிடந்தது. அதை நான் எடுத்து வைக்கவில்லை. அவரே கூம்புகளை வரிசையாக வைத்தார்.

அதற்குள் நான் இன்னொரு பைத்தியக்காரத்தனத்துக்கும் தயாராகியிருந்தேன். துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனேன். அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். உள்ளே இருப்பது அழுத்தத்தில் அடைபட்டு நூறு டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் நிற்கும் நீர். மூடி தளர்ந்த கணத்தில் அது ஆவியாகச் சீறி முகத்தில் அடிக்கும். கையால் தொட்டுப் பார்க்கும் அளவுக்கு ஆறும்வரை, அரை மணியோ முக்கால் மணியோ, சும்மா இருக்க வேண்டும். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் இரும்பு விரிசல் விடும் என்பதையும் அப்போதுதான் கேட்டுக்கொண்டேன்.

பின்னர் கிரேன் வந்தது. “டோ ஹூக் எங்க சார்?” என்று கேட்டார்கள். வண்டியை இழுக்கக் கயிறு மாட்டும் கொக்கி அது. ஒன்பது ஆண்டுகளாக ஓட்டும் வண்டியில் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. ஜாக்கியும் ஸ்பேனரும் இருந்த பைக்குள் பெருவிரல் தடிமனில் ஒரு திருகாணி வளையம் இருந்தது. முன்பக்கப் பம்பரில் சதுரமான ஒரு சின்ன மூடியை நெம்பி எடுத்து, அந்தத் துளையில் அதைத் திருக வேண்டும். கிரேன் பையன் அரை நிமிடத்தில் செய்துவிட்டான். சுங்கச்சாவடிக்கு அருகே லாரிகள் நிற்கும் இடம்வரை இழுத்துவந்து நிழலில் விட்டார்கள். அதற்குப் பணம் எதுவும் கேட்கவில்லை. அதற்கு மேல் நம் பாடு.

மெக்கானிக் பையன் ஹோஸைச் சரிசெய்துவிட்டுக் கையை விரித்தது அங்கேதான். அதுவரை சும்மா இருந்த இடத்தில் எங்கிருந்தோ இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். ஒருவர், பழுதான வண்டிகளை ஏற்றிச் செல்லும் ரிகவரி வண்டி வைத்திருப்பதாகச் சொன்னார். பக்கத்திலேயே தெரிந்த பட்டறை இருக்கிறது, அங்கே விட்டால் 1,500, திருச்சி என்றால் 6,500 என்றார். களைப்பில் சரி என்று சொல்லவிருந்தேன். முன்பின் தெரியாத பட்டறையில் எஞ்சினைப் பிரித்துப் போட்ட பிறகு, சொன்ன விலைக்குத் தலையாட்டுவதைத் தவிர வேறு வழி இருக்காது என்று கமலாதான் காதோடு சொன்னாள். வழக்கமாக வண்டியை விடும் திருச்சி மெக்கானிக்கை அழைத்தேன். அவர் தமக்குத் தெரிந்த ரிகவரி வண்டிக்காரரின் எண்ணைக் கொடுத்தார். வண்டியை முழுவதும் மேலே ஏற்றிக்கொள்ளும் பிளாட்பெட், நாற்பது கிலோமீட்டருக்கு 4,500, சுங்கக் கட்டணமும் காத்திருப்பும் அதற்குள் அடக்கம் என்று பேசி முடித்தார். வண்டி எங்கே போக வேண்டும் என்பதை நாம் முதலில் முடிவு செய்துகொண்டால்தான் விலை பேச நமக்கு வாய் இருக்கும். உன்னுடையது ஆட்டோமேட்டிக் கியர் வண்டி என்று எழுதியிருந்தாய். அப்படியானால் கயிறு கட்டி இழுக்க யாரையும் விடாதே. எஞ்சின் ஓடாமல் சக்கரம் மட்டும் சுழன்றால் கியர்பாக்ஸுக்குள் எண்ணெய் சுற்றாது, அது கெட்டால் என் 16,800 சில்லறையாகத் தெரியும்.

வந்த ஓட்டுநர் வண்டியை ஏற்றுவதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஏற்றிய பிறகு ஒரு பழைய செய்தித்தாளை மடித்து என் முன்கண்ணாடியில் இருந்த பாஸ்டேக்கின் மேல் ஒட்டினார். என்ன இது என்றேன். “மேல நிக்கிற வண்டியையும் டோல் மெஷின் படிச்சிடும் சார், ரெண்டு தடவ காசு போயிடும்” என்றார். காகிதம் தடுத்ததா என்று சொல்ல முடியாது. அன்று என் கணக்கில் இரண்டாவது முறை கழியவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

வீடு திரும்பிய இரவு, தூக்கம் வராமல், காப்பீட்டுப் பத்திரத்தை முதன்முறையாக முழுவதும் படித்தேன். தேய்மானமும் இயந்திரக் கோளாறும் மின்கோளாறும் அதில் சேர்த்தியில்லை என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. இழுத்துச் செல்லும் செலவுக்கு 1,500 ரூபாய் வரை உண்டு, ஆனால் அது விபத்தில் சேதமான வண்டிக்கு மட்டும். இவையெல்லாம் எதிர்பார்த்தவைதான். நிபந்தனைகளில் வந்த ஒரு வாசகம்தான் என்னை உலுக்கிவிட்டது: விபத்தோ பழுதோ ஏற்பட்டால் வண்டியைத் தக்க பாதுகாப்பின்றி விட்டுச் செல்லக்கூடாது, பழுதைச் சரிசெய்யாமல் ஓட்டினால், அதனால் கூடும் சேதம் முழுவதும் வண்டிக்காரரின் பொறுப்பு. என் இரண்டு கிலோமீட்டரை யாரோ முன்கூட்டியே எழுதி வைத்ததுபோல் இருந்தது. வண்டியை அங்கேயே பூட்டிவிட்டுப் பேருந்தில் மதுரை போய்விடலாம் என்றும் ஒரு கட்டத்தில் நினைத்தோம்; நல்லவேளை, போகவில்லை. பொது இடத்தில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆளில்லாமல் கிடக்கும் வண்டியை அப்புறப்படுத்த 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமே காவல்துறைக்கு அதிகாரம் தருகிறது. அந்தச் செலவும் நம் தலையில்தான் விழும்.

ஆகவே உன் கேள்விக்கு வருகிறேன். வாங்கிக்கொள், ஆனால் வாங்குவதற்கு முன் முகவரிடம் சிலவற்றை எழுத்தில் கேள். எத்தனை கிலோமீட்டர் வரை இலவசமாக இழுத்துச் செல்வார்கள், ஆண்டுக்கு எத்தனை முறை, வீட்டு வாசலிலேயே வண்டி கிளம்பாவிட்டால் வருவார்களா, உன் வண்டியின் வயதுக்கு அந்த வசதி செல்லுமா? அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்தை மட்டும் ஈடுகட்டும் மூன்றாம் நபர் காப்பீடு எடுத்திருந்தால், பெரும்பாலும் இதை அதனோடு சேர்க்க முடியாது, தனியாகத்தான் வாங்க வேண்டும். தனியாக வாங்கினாலும் அன்றைக்கே நடைமுறைக்கு வந்துவிடும் என்று நம்பாதே. இன்னொன்று, 1033 தேசிய நெடுஞ்சாலைக்கு உரியது. நீ நாள்தோறும் போய்வரும் வயல்வெளிச் சாலைகளில் அந்த எண்ணுக்கு வேலையில்லை. அங்கே உன் மெக்கானிக்கின் எண்ணும், அவருக்குத் தெரிந்த ரிகவரி வண்டிக்காரரின் எண்ணும்தான் உன் காப்பீடு. அவற்றைத் தொலைபேசியில் மட்டும் வைத்துக்கொள்ளாமல் தாளில் எழுதி டாஷ்போர்டுக்குள் வை. அன்று நண்பகலுக்கே என் தொலைபேசியில் 11 சதவீதம்தான் இருந்தது.

நானும் இந்த மாதம் 450 ரூபாய் கட்டிவிட்டேன். டிக்கியில் ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேனும், இரண்டு கிளாம்பும், ஒரு திருப்புளியும் வைத்திருக்கிறேன். வெட்டியெறிந்த ஹோஸ் துண்டை கமலா எடுத்துவந்து பூஜை அறை அலமாரியின் மேல் வைத்திருக்கிறாள். நான் சாவியை எடுக்கும்போதெல்லாம் அதைப் பார்க்கிறாள், பிறகு என்னைப் பார்க்கிறாள். கிரகப்பிரவேசச் சாப்பாடு தவறிப்போன கோபம் இன்னும் ஆறவில்லை.

ஆடிப்பெருக்குக்கு இங்கே வருவதாக எழுதியிருந்தாய். அந்த வண்டியிலேயே வா. கிளம்புவதற்கு முன் உன் டிக்கியைத் திறந்து, டோ ஹூக் எங்கே இருக்கிறது என்று பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
ராமநாதன்